மருத்துவச்சியும் பயிற்றுமொழியும்: இந்தியப் பேறுகாலப் பணியாளர் பயிற்சி வரலாறு குறித்து ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

இந்தியாவில் பிள்ளைப்பேறு பற்றிய வரலாறு பெரும்பாலும் மருத்துவ வரலாற்றின் ஒரு கூறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மருத்துவமனைகள் தோன்றிய ஆண்டுகள், இயற்றப்பட்ட சட்டங்கள், குழுக்களின் பரிந்துரைகள், தாய் இறப்பு விகிதங்கள் ஆகியன அவ்வரலாற்றில் முறையாக இடம்பெற்றுள்ளன. ஆனால் பேறு பார்க்கும் பெண்கள் எச்சமூகங்களிலிருந்து பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர், எம்மொழியில் பயிற்றுவிக்கப்பட்டனர், அவர்கள் எப்பெயரால் அழைக்கப்பட்டனர் என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை.

இவ்வினாக்கள் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியவை. பேறுகாலப் பணியாளர் பலதரப்பட்ட சமூகங்களிலிருந்து வரவேண்டும் என்பதும், அவ்வாறு வந்தால்தான் தாய்நலம் எல்லார்க்கும் ஒத்த அளவில் கிட்டும் என்பதும் இன்று உலகெங்கும் பேசப்படும் கருத்தாகும். இந்தியாவைப் பொறுத்தவரை இக்கருத்துக்கு 150 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பின்னணி உண்டு. அவ்வரலாற்றை நோக்குமிடத்து, பயிற்சியின் வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைபட்டது என்பதைச் சாதியும் பொருள்நிலையும் முடிவு செய்தது போலவே பயிற்றுமொழியும் எழுத்தறிவு நிபந்தனையும் முடிவு செய்துள்ளன என்பது புலனாகும். இதனை வரலாற்று முறையில் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் குலமும்

தமிழில் பேறு பார்க்கும் பெண்ணைக் குறிக்கும் வழக்குச்சொல் 'மருத்துவச்சி' என்பதாகும். இச்சொல்லின் ஆக்கம் நோக்கத்தக்கது. 'மருத்துவன்' என்னும் ஆண்பாற் பெயருக்கு இணையான பெண்பால் வடிவம் இது. ஆயின் பொருளளவில் இவ்விரண்டும் இணையாக இல்லை. மருத்துவன் நோய் தீர்ப்பவன். மருத்துவச்சி பிள்ளைப்பேறு பார்ப்பவள். நோய் தீர்க்கும் பெண்ணைச் சுட்ட இச்சொல் பயன்படாமையால் 'பெண் மருத்துவர்' என்னும் தொடரையும், பேச்சுவழக்கில் 'லேடி டாக்டர்' என்னும் கடன்சொல்லையும் தமிழ் நாட வேண்டியதாயிற்று.

இப்பொருள் வேறுபாட்டிற்குக் காரணம் சமூக அமைப்பில் உள்ளது. இடைச்சி, வேட்டுவச்சி போன்ற சொற்களில் வரும் '-ச்சி' விகுதி, தொழிலைச் சுட்டும்போதே குலத்தையும் சுட்டும் விகுதியாகும். தமிழகத்தின் பெரும்பகுதியில் பேறு பார்க்கும் பணி நாவிதர் குலப் பெண்களுக்கு உரியதாக இருந்தது. அக்குலத்து ஆடவர் அறுவை மருத்துவமும் நாட்டு மருத்துவமும் செய்தனர். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஆகவே மருத்துவச்சி என்பது ஒரு திறனின் பெயராக மட்டுமன்றி ஒரு பிறப்பின் பெயராகவும் வழங்கியது எனலாம்.

வடஇந்திய மொழிகளில் இப்பணிக்குரிய சொல் 'தாயி' என்பதாகும். இது வடமொழித் 'தாத்ரி'யின் வழி வந்ததென்பர் சிலர். பாரசீகத் 'தாயா'வின் வழி வந்ததென்பர் வேறு சிலர். இவ்விரு மூலங்களும் தம்முள் உறவுடையன. இரண்டிற்கும் பாலூட்டி வளர்ப்பவள் என்பதே அடிப்படைப் பொருள். ஆனால் வட்டாரங்கள் பலவற்றில் தொப்புள்கொடி அறுக்கும் வேலை தீட்டுடையதாகக் கருதப்பட்டு, ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்களுக்கே உரியதாக்கப்பட்டது. சொல்லில் அன்னைமையும் பணியில் இழிவும் ஒருங்கே நின்றன. அரசு ஆவணங்களைத் தமிழாக்குவோர் இச்சொல்லைத் 'தாய்' என ஒலிபெயர்த்தால் ஈன்ற தாயைக் குறிக்கும் சொல்லோடு மயங்கும். எனவே இக்கட்டுரையில் 'தாயி' என்னும் வடிவமே கையாளப்படுகிறது.

இங்கு ஓர் உண்மையை மனங்கொள்ள வேண்டும். பயிற்சித் திட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே இந்தியாவில் பேறு பார்க்கும் பெண்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர். தாய்மார் பேசிய மொழியையே பேசினர். மொழி ஒன்றாக இருந்தும் மதிப்பு ஒன்றாக இல்லை. பின்வந்த பயிற்சிமுறையில் மதிப்பு கூடியது. ஆனால் பல இடங்களில் மொழி விலகிப்போயிற்று.

3. மருத்துவமனைப் பயிற்சியின் தொடக்கம்

சென்னையில் 1844இல் அரசு பிரசவ மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று எழும்பூரில் விளங்கும் தாய்சேய் நல மருத்துவமனை இதன் தொடர்ச்சியே. பேறு பார்ப்போருக்கான பயிற்சிப் பள்ளிக்கு 1854இல் சென்னை அரசு இசைவளித்ததாகச் செவிலிய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தொடக்கக் காலத்தில் இங்குப் பயின்றோருள் ஐரோப்பிய, யூரேசியப் பெண்களும், பின்னர் இந்தியக் கிறித்தவப் பெண்களும் மிகுதி. பயிற்சி அளித்த மருத்துவர்கள் ஆங்கிலேயர். பயிற்சியின் மொழி ஆங்கிலம். அம்மொழியை அறியும் வாய்ப்பு அன்று எப்பெண்களுக்கு இருந்ததோ அவர்களே பயிற்சிக்கு வந்தனர். ஊர்தோறும் பேறு பார்த்துவந்த மருத்துவச்சிகள் இவ்வாயிலுக்கு வெளியே நின்றனர்.

இதே மருத்துவமனையில் பேறுகால மருத்துவம் பயின்றவர் மேரி ஷார்லீப். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது முதலில் சேர்ந்த நால்வருள் இவரும் ஒருவர். பொது மருத்துவமனைக்கு வரத் தயங்கிய சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா முறையைக் கைக்கொண்ட முஸ்லிம் பெண்களுக்கும் என 1885இல் தனி மருத்துவமனை ஒன்றை நிறுவ இவர் காரணராக இருந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையின் தோற்றம் இதுவேயாகும். பேறு பார்ப்பவர் யார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் யார் என்பவை ஒரு பெண் மருத்துவமனைக்கு வருவதையே தடுக்கும் அளவுக்கு வலிமை பெற்றிருந்தன என்பதை அம்மருத்துவமனையின் பழைய பெயரே உணர்த்துகிறது. பணியாளர் பலதரப்பட்டவராதல் வேண்டும் என்னும் சிந்தனை சமத்துவ நோக்கில் அல்லாது, சாதி வேறுபாட்டிற்கு இடங்கொடுக்கும் நோக்கில் முதலில் இந்நாட்டில் செயற்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

4. தமிழில் ஒரு பேறுகால நூல்

இதே காலப்பகுதியில் பாக்கு நீரிணையின் மறுகரையில் வேறொரு முயற்சி நடைபெற்றது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டார். 1847இல் இலங்கைக்கு வந்த இவர் 1873இல் நாடு திரும்பும் வரை இப்பணியில் ஈடுபட்டார். திரும்பிய பின்னரும் மொழிபெயர்ப்பைக் கைவிடவில்லை. மோன்செல் எழுதிய பேறுகால மருத்துவ நூல் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரில் 1857இல் தமிழில் வெளிவந்தது. தமிழில் அச்சான மேலை மருத்துவ நூல்களுள் இது மிக முற்பட்ட ஒன்றாகும்.

மொழிபெயர்ப்பு வரலாற்றில் கிறீனின் பணி பெரிதும் போற்றப்படுகிறது. அப்போற்றுதல் பொருத்தமானதே. ஆயினும் நம் நோக்கில் ஒன்றைச் சுட்டாமல் இருக்க இயலாது. அவரிடம் பயின்ற மாணவர்கள் ஆடவர்கள். அன்று யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் பெண்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பேறு பற்றிய அறிவு தமிழுக்கு வந்தது. ஆனால் பேறு பார்ப்பவரின் கைக்கு அது வந்து சேரவில்லை. ஒரு நூலை மக்கள் மொழியில் ஆக்குவதும், அந்நூல் வேண்டப்படும் மக்களிடம் அதைச் சேர்ப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதற்கு 1857ஆம் ஆண்டின் இந்நூல் தக்க சான்றாகும்.

5. தாயி பயிற்சி: 1860கள் முதல் 1946 வரை

மரபுவழித் தாயிகளையே பயிற்றுவிக்கும் எண்ணம் வடஇந்தியாவில் உருவாயிற்று. அமிர்தசரஸில் 1860களில் தொடங்கிய இம்முயற்சி 1880களில் ஹியூலெட் என்னும் மிஷன் பெண்மணியின் பொறுப்பில் வளர்ந்தது. 1885இல் டஃப்ரின் சீமாட்டியின் பெயரால் அமைந்த நிதியம் பெண் மருத்துவர்களையும் செவிலியரையும் பேறு பார்ப்போரையும் உருவாக்க முனைந்தது. 1903இல் கர்சன் சீமாட்டியின் முயற்சியால் விக்டோரியா நினைவு உதவிநிதி ஏற்பட்டது. பரம்பரைத் தாயிகளுக்குப் பயிற்சி அளிப்பதே இந்நிதியின் தனி நோக்கமாகும்.

இந்நிதியத்தின் சார்பில் 1918இல் வெளியிடப்பட்ட பேறுகால நிலை பற்றிய அறிக்கை, பல மாகாணங்களில் பணியாற்றிய பெண் மருத்துவர்களின் அனுபவங்களைத் தொகுத்துத் தருகிறது. தூய்மையற்ற கைகள், இருண்ட அறை, முறையற்ற கையாளல் ஆகியவற்றால் தாயும் சேயும் இறந்த நிலையை அவர்கள் கவலையோடு எழுதியுள்ளனர். அக்கவலை உண்மையானது. அதே வேளையில், அவ்வெழுத்துகளில் தாயி பெரும்பாலும் அறியாமையின் உருவமாகவே காட்சியளிக்கிறாள். அவளுக்குச் சொல்லித்தர வேண்டியவை பல என்று கூறும் எழுத்து, அவளிடமிருந்து கேட்டறியத்தக்கன சில உள என்று எண்ணவில்லை. இதனால் ஏற்பட்ட இழப்புகளுள் ஒன்று மொழியைச் சார்ந்தது. வலியின் வகைகள், குழந்தை திரும்பும் நிலைகள், நஞ்சு விழுதல் முதலியவற்றிற்கு இந்திய மொழிகள் ஒவ்வொன்றிலும் தாயிகளிடம் வழங்கிய கலைச்சொற்கள் முறையாகத் தொகுக்கப்படவில்லை. மீன்பிடித்தல், உழவு, நெசவு ஆகிய தொழில்களின் சொற்களைத் தொகுத்த அளவுக்குப் பேறுதொழிற் சொற்களை நம் வட்டார வழக்கு அகராதிகளும் தொகுக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் 1926இல் செவிலியர், பேறு பார்ப்போர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு என்பது தேர்வையும் சான்றிதழையும் அடிப்படையாகக் கொண்டது. தகுதியற்றோரிடமிருந்து தாய்மாரைக் காக்க அது வேண்டியதே. எனினும் எழுத்தறிவில்லாத மருத்துவச்சிக்குப் பதிவேட்டில் இடம் பெறும் வழி மேலும் குறுகியது.

1946இல் அறிக்கை அளித்த போர் குழு இந்நிலையின் விளைவைத் தொகைப்படுத்திக் காட்டிற்று. அன்றைய இந்தியாவில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் ஏறத்தாழ 5,000 பேர் மட்டுமே. 1971க்குள் 100,000 பேர் வேண்டும் என்று குழு மதிப்பிட்டது. 1,000 உயிர்ப்பிறப்புகளுக்கு 20 தாய்மார் இறந்தனர் என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 லட்சம் பெண்கள் பேறு தொடர்பான காரணங்களால் மாண்டனர் என்றும் அது கணித்தது. போதிய மருத்துவச்சிகள் உருவாகும்வரை தாயிகளுக்குப் பயிற்சி அளித்துப் பயன்படுத்தலாம் என்றும் பரிந்துரைத்தது. தாயி ஓர் இடைக்கால ஏற்பாடு என்னும் கருத்து இங்கு உறுதிப்பட்டது.

6. விடுதலைக்குப் பின்: பெயரில் மறைந்த மருத்துவச்சி

1951இல் பஞ்சாபின் தர்ன் தாரன் நகரில் உள்ள புனித மேரி மருத்துவமனையில் ஏ.என்.எம். எனப்படும் ஈராண்டுப் பயிற்சி தொடங்கிற்று. செவிலியப் பணியையும் பேறு பார்க்கும் பணியையும் இணைத்த துணைநிலைப் பணியாளரை உருவாக்குவது இதன் நோக்கம். முழுப் பள்ளிக்கல்வி பெறாதவரும் இதில் சேரலாம். வட்டார மொழிகளிலும் கற்பிக்கலாம். சிற்றூர்ப் பெண்கள் அரசுப் பணியில் நுழைய இஃது ஒரு வாயிலாக அமைந்தது. செவிலியப் பணியில் அதுவரை மிகுதியாக இருந்த சமூகங்களுக்கு வெளியேயிருந்தும் பெண்கள் வரத் தொடங்கினர். பணியாளரைப் பலதரப்படுத்தியதில் விடுதலை இந்தியாவின் முதற்படி இதுவே எனலாம்.

இவ்வாயில் நாளடைவில் வேறு திசையில் திரும்பியது. 1973இல் கர்தார் சிங் குழு, தனித்தனித் திட்டப் பணியாளர்களை ஒன்றாக்கிப் பல்நோக்குப் பணியாளராக மாற்றப் பரிந்துரைத்தது. 1977இல் பாடத்திட்டம் 24 மாதங்களிலிருந்து 18 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. சேர்க்கைத் தகுதி 10ஆம் வகுப்பாக உயர்ந்தது. குடும்பநலம், தடுப்பூசி, பதிவேடுகள் ஆகியன மிகுந்தன. பேறு பார்க்கும் பயிற்சி சுருங்கியது. இன்று சேர்க்கைத் தகுதி 12ஆம் வகுப்பாகும்.

இம்மாற்றத்தின் சுவடு மொழிபெயர்ப்பிலும் பதிந்துள்ளது. ஏ.என்.எம். என்பதன் விரிவில் துணை, செவிலியர், மருத்துவச்சி என்னும் மூன்று கூறுகள் உள்ளன. தமிழக வழக்கில் இது 'துணைச் செவிலியர்' எனவும், பணிப்பெயராக வருகையில் 'கிராம சுகாதாரச் செவிலியர்' எனவும் ஆயிற்று. மூன்றாவது கூறு இரண்டிலும் இல்லை. 'மருத்துவச்சி' என்னும் சொல்லில் ஒட்டியிருந்த குலச்சுட்டு அதைத் தவிர்க்கக் காரணமாயிருந்திருக்கலாம். அதற்கு மாறாகச் சங்க இலக்கியத்தில் வளர்ப்புத்தாயைக் குறித்த 'செவிலி' என்னும் சொல் புத்துயிர் பெற்று மதிப்புமிக்க பணிப்பெயராயிற்று. சொல் மதிப்புற்றது நன்றே. ஆனால் பேறு பார்த்தல் என்னும் தனித்திறனுக்கு அரசு வழக்கில் பெயரே இல்லாமற் போயிற்று. பெயரில்லாத திறனுக்குப் பாடவேளையும் பணியிடமும் கேட்டுப் பெறுதல் அரிது.

இலங்கைத் தமிழில் நிலை வேறு. அங்குத் 'தாதி' என்பது செவிலியரையும், 'மருத்துவமாது' என்பது பேறு பார்ப்பவரையும் குறிக்கும். இச்சொல்வேறுபாடு பணிவேறுபாட்டை ஒட்டியது. கொழும்பில் 1879இல் டி சொய்சா பிரசவ இல்லம் தொடங்கியது; களுத்துறையில் 1926இல் முதல் சுகாதாரப் பிரிவு அமைந்தது. மருத்துவமாது என்னும் தனிப் பணிநிலை தொடர்ந்து காக்கப்பட்டது. பயிற்சி சிங்களத்திலும் தமிழிலும் அளிக்கப்படுகிறது. 1930களில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருந்த தாய் இறப்பு, இந்நூற்றாண்டில் 50க்கும் கீழே இறங்கியுள்ளது. பெண்கல்வி, இலவச மருத்துவம், மலேரியா ஒழிப்பு எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. தாய் பேசும் மொழியிலேயே பயின்ற பணியாளர் அவள் வீட்டிற்குச் சென்றமை அக்காரணங்களுள் ஒன்று என்பதை மறுக்க இயலாது.

7. முப்பது நாட் பயிற்சியும் ஜாம்கேட் அனுபவமும்

1977இல் தொடங்கிய ஊரக நலத்திட்டத்தின்கீழ், ஆயிரம் மக்களுக்கு ஒரு தாயி என்னும் அளவில் மரபுவழித் தாயிகளுக்கு 30 வேலைநாள் பயிற்சி அளிக்கத் திட்டமிடப்பட்டது. உதவித்தொகை 300 ரூபாய். வாரத்தில் இரு நாட்கள் நிலையத்தில் பாடம். நான்கு நாட்கள் பெண் சுகாதாரப் பணியாளருடன் ஊர்களுக்குச் சென்று பழகுதல். பயிற்சிக் காலத்தில் குறைந்தது இரு பேறுகள் பார்த்தல் வேண்டும். முடிவில் சான்றிதழும் பேற்றுப்பெட்டியும் வழங்கப்பட்டன. தூய கை, தூய இடம், தூய அலகு, தூய நூல், மருந்திடாத தூய கொடிமுனை என ஐந்து தூய்மைகள் கற்பிக்கப்பட்டன. எழுத்தறியாதோர் விரல்விட்டு எண்ணி நினைவிற் கொள்ள ஏற்ற பாடம் இது. தொப்புள் வழிப் பரவும் இசிவு நோயைக் குறைப்பதில் இத்தூய்மைப் பாடத்திற்குப் பங்குண்டு.

ஆயினும் தாய் இறப்பை இப்பயிற்சி தனித்து நின்று குறைக்கவில்லை. குருதிப்போக்கு, வலிப்பு, தடைப்பட்ட பேறு ஆகியவற்றுக்கு மருந்தும் குருதியும் அறுவையும் வேண்டும். அவை கிடைக்கும் இடத்திற்குத் தாயைக் கொண்டுசெல்ல வண்டியும் வேண்டும். இவை இல்லாதவிடத்துத் தாயியின் பயிற்சி மட்டும் உயிர் காவாது. 1997இல் கொழும்பில் கூடிய பாதுகாப்பான தாய்மை பற்றிய பன்னாட்டுக் கலந்தாய்வு இக்கருத்தை வலியுறுத்திற்று. அதன்பின் திறன்பெற்ற பணியாளர் என்னும் வரையறைக்குள் தாயி இடம்பெறவில்லை. இம்முடிவில் நியாயம் உண்டு. ஆனால் தாயியை விலக்கியபோது அவர் சார்ந்த சமூகமும் மொழியும் பணியாளர் வரிசையிலிருந்து சேர்ந்தே விலகின. அவ்விடத்தை நிரப்ப அதே சமூகத்துப் பெண்களை முழுப் பயிற்சிக்குக் கொண்டுவரும் முயற்சி போதிய அளவு நடைபெறவில்லை.

மாறுபட்ட ஒரு முயற்சி மகாராட்டிரத்தின் ஜாம்கேடில் நடைபெற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜினிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே இணையர் 1970இல் அங்குப் பணி தொடங்கினர். ஊரார் தேர்ந்தெடுத்த பெண்களை, அவர்களுட் பலர் எழுத்தறியாதவர்களாகவும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவராகவும் இருந்தும், ஊர்நலப் பணியாளராகப் பயிற்றுவித்தனர். பேறு பார்த்தலும் அப்பயிற்சியில் அடங்கும். பாடம் மராத்தியில், பேச்சும் பாட்டும் நடிப்பும் கலந்து அமைந்தது. முப்பது நாட்களோடு முடியாமல் வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. வெவ்வேறு சாதிப் பெண்கள் ஒன்றாக உண்டும் உறங்கியும் பயின்றனர். சிக்கலான பேறுகளை ஏற்க மருத்துவமனை பின்னே நின்றது. பயின்றவரே புதியவர்க்குக் கற்பிக்கவும் தொடங்கினர். 1979இல் இவ்விணையர்க்கு மகசேசே விருது அளிக்கப்பெற்றது.

அரசுத் திட்டத்திலும் ஜாம்கேடிலும் பயின்ற பெண்கள் ஏறத்தாழ ஒரே நிலையினர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு காலஅளவிலும், பின்னுதவியிலும், பயில்வோரின் மொழியைக் கல்விமொழியாக மதித்ததிலும் அமைந்துள்ளது. எழுத்தறியாமை வேறு, கற்கவியலாமை வேறு என்பதை ஜாம்கேட் நிறுவியது.

8. பேற்றறையில் சொற்கள்

பணியாளரின் மொழி தாயின் மொழியோடு பொருந்தாவிடில் என்ன நேரும் என்பதைத் தமிழிலிருந்தே சில சான்றுகளால் விளக்கலாம்.

(அ) பேற்றுநாளைக் கணிக்க, இறுதியாக மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 280 நாட்கள் எண்ணுவது மருத்துவ முறை. சிற்றூர்ப் பெண்கள் பலர் தலைக்குக் குளித்த நாளையே நினைவிற் கொள்வர். கருவுற்றிருத்தலை 'முழுகாமல் இருத்தல்' என வழங்குவதும் இதனால்தான். கேட்பவர் தொடங்கிய நாளைக் கேட்க, சொல்பவர் குளித்த நாளைச் சொல்வாராயின் கணக்கு சில நாட்கள் பிறழும்.

(ஆ) 'ஏழாம் மாதம்' என்பது நடந்துகொண்டிருக்கும் மாதம். 'ஏழு மாதம்' என்பது நிறைந்த மாதம். அன்றியும் 'பத்து மாதம் சுமத்தல்' என்னும் வழக்கில் மாதம் என்பது 28 நாட்கள் கொண்டது. படிவத்தில் அது நாட்காட்டி மாதம். குறைமாதப் பேறா, நிறைமாதப் பேறா என்று முடிவு செய்யும்போது இவ்வேறுபாடு சிறிதன்று.

(இ) பேறு தொடங்காமலே வந்து மறையும் வலியைப் பாடநூல் 'பொய்வலி' என்கிறது. பெண்கள் வழக்கில் இது 'சூட்டுவலி'. வலியோடு நெடுந்தொலைவு வந்த பெண்ணிடம் 'இது பொய்வலி' என்றால், அவள் பொய் சொல்வதாகக் கூறியது போல் அவள் செவியில் விழக்கூடும். மறுமுறை வலி வரும்போது அவள் புறப்படத் தயங்கினால் அத்தயக்கத்தில் இச்சொல்லுக்கும் பங்குண்டு. 'சூட்டுவலி' என்னும் சொல்லில் அவ்விடர் இல்லை.

(ஈ) குழந்தைக்குப்பின் வெளிப்படும் உறுப்பைப் பெண்கள் 'நஞ்சு' என்பர். இலங்கைப் பாடநூல் 'சூல்வித்தகம்' என்னும். தமிழகப் பாடநூல் 'நஞ்சுக்கொடி' என்னும். இவற்றுள் 'நஞ்சுக்கொடி' வழக்கோடு ஒட்டியதாயினும் 'தொப்புள்கொடி'யோடு மயங்கும். கொடியை இழுக்கலாகாது என்னும் இன்றியமையாத அறிவுரையில் எக்கொடி என்பது ஐயமறத் தெரிதல் வேண்டும். 'பனிக்குடம்' என்னும் சொல்லோ இருசாராரிடத்தும் ஒரே பொருளில் வழங்குவது. கலைச்சொல் ஆக்குவோர்க்கு நல்ல முன்மாதிரி.

இவை ஒரே மொழிக்குள் நிகழ்வன. கோண்டி, குடுக், இருளம் போன்ற மொழிகளைப் பேசும் தாய்மார், அம்மொழியை அறியாத பணியாளரிடம் பேறு பார்க்க நேரும்போது இடைவெளி இன்னும் பெரிதாகும். 1961 கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளைப் பதிவு செய்தது. 2011 கணக்கெடுப்பின்படி பத்தாயிரவர்க்கு மேல் பேசும் மொழிகள் 121. இவற்றுள் செவிலியக் கல்வி மொழியாக வழங்குவன மிகச் சில.

9. இன்றைய நிலை

2005இல் தொடங்கிய தேசிய ஊரக நல இயக்கத்திற்குப் பின் மருத்துவமனைப் பேறுகள் விரைந்து பெருகின. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி 2005–06இல் 38.7 விழுக்காடாக இருந்த மருத்துவமனைப் பேறுகள் 2019–21இல் 88.6 விழுக்காடாக உயர்ந்தன. தமிழ்நாட்டில் இது 99.6 விழுக்காடு. 2018–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறையின்படி இந்தியாவின் தாய் இறப்பு விகிதம் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 97 ஆயிற்று. போர் குழு கணித்த 2,000த்தோடு ஒப்பிடின் இது மாபெரும் மாற்றம். ஆயின் அதே காலப்பகுதியில் கேரளத்தில் 19, அசாமில் 195. பத்து மடங்கு இடைவெளி சராசரிக்குள் மறைந்துள்ளது.

2018இல் இந்திய அரசு பேறுகாலப் பணி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, தனிப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்னும் நிலையை மீண்டும் உருவாக்க முடிவு செய்தது. செவிலியப் பட்டயமோ பட்டமோ பெற்றவருக்கு 18 மாத மேற்பயிற்சி இது. 1947ஆம் ஆண்டின் செவிலியர் மன்றச் சட்டத்திற்கு மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டத்தின் பெயரிலும் செவிலியத்தோடு பேறு பார்த்தல் தனித்து இடம்பெற்றுள்ளது. ஆவணத்தில் மறைந்த பெயர் திரும்பியது வரவேற்கத்தக்கது. ஆயின் செவிலியப் பட்டப்படிப்பில் சேர 12ஆம் வகுப்பில் அறிவியலோடு ஆங்கிலமும் பாடமாக இருத்தல் வேண்டும். கல்வியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. 1854இல் சென்னையில் இருந்த வாயிற்படி இன்றும் அகற்றப்படவில்லை. அதன் உயரமே மாறியுள்ளது.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். தாயின் மொழியைப் பேசிய மருத்துவச்சிக்கு மதிப்பும் மருந்தும் பின்னுதவியும் இல்லை. மதிப்பும் மருந்தும் உடைய பணியாளர்க்குப் பல இடங்களில் தாயின் மொழி இல்லை. இவ்விரண்டையும் ஒருவரிடத்தில் சேர்ப்பதே பயிற்சியின் பணி. மரபுவழிப் பேறுமுறைக்குத் திரும்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அம்முறையில் மாண்ட தாய்மாரின் எண்ணிக்கையை மறந்துவிட்டு அவ்வாறு கூறுதல் பொருந்தாது. ஒடுக்கப்பட்ட சமூகங்களையும் பழங்குடிகளையும் சேர்ந்த பெண்கள் முழுப் பயிற்சியும் முழு ஊதியமும் பெற்ற மருத்துவச்சிகளாக வர வேண்டும் என்பதே வலியுறுத்தப்படுகிறது.

இதில் மொழித்துறையினர் செய்யக்கூடுவன மூன்று. முதலாவதாக, பேறு பார்க்கும் முதிய பெண்கள் வாழும்போதே அவர்களுடைய தொழிற்சொற்களை வட்டாரந்தோறும் ஒலிப்பதிவு செய்து தொகுத்தல். வீட்டுப்பேறு அருகிவிட்ட தமிழகத்தில் இதற்குரிய காலம் மிகக் குறைவு. இரண்டாவதாக, பேறுகாலப் பாடநூல்களையும் தேர்வுகளையும் இருமொழியில் அமைத்தலும், திறனை வாய்மொழித் தேர்வால் அளக்கும் முறைகளை வகுத்தலும். மூன்றாவதாக, கலைச்சொல் ஆக்கும் குழுக்களில் மருத்துவரோடும் மொழியறிஞரோடும் பேறு பார்ப்பவரையும் அமர்த்துதல். 1857இல் தமிழுக்கு வந்த பேற்றுநூலின் சொற்களைத் தேர்ந்தவர் ஒரு மருத்துவரும் அவருடைய மாணவரும் ஆவர். அடுத்து எழுதப்படும் நூலின் சொற்களைத் தேரும் இடத்தில் மருத்துவச்சியும் இருத்தல் வேண்டும்.